செவி கொடுக்கும் வாழ்வு

(வெள்ளி விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)





ஒரு கல்விச் சங்கம் 25 ஆண்டுகளைக் கடந்து நிற்பது எளிய செய்தி அன்று. கைப்பிடி அரிசியாகவும் சில்லறைக் காசாகவும் சேர்ந்த நன்கொடை, தெருவிளக்கின் அடியில் நடந்த மாலை வகுப்பு, விடுதியில் ஓர் இடத்திற்காக நடந்த நடை, சாதிச் சான்றிதழுக்காக அலுவலக வாயிலில் காத்திருந்த பொழுது ஆகியவற்றை எல்லாம் சேர்த்தால்தான் இத்தகைய சங்கத்தின் வரலாறு ஆகும். அவ்வரலாற்றை உருவாக்கிய பெரியோர்களில் பலர் இன்று நம்மோடு இல்லை. அவர்களை நன்றியோடு நினைத்து என் உரையைத் தொடங்குகிறேன்.

அன்றாட வாழ்வில் கடவுளின் வழிநடத்துதலுக்குச் செவிகொடுத்து வாழ்வது எவ்வாறு என்பதே எனக்கு அளிக்கப்பட்ட பொருள். கல்விச் சங்கத்தின் விழாவில் இப்பொருள் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் பாட்டனார் காலத்தில் நமக்காக முடிவு செய்தவர்கள் பிறர். எந்த வேலையைச் செய்வது, எந்தத் தெருவில் நடப்பது, எந்தக் கிணற்றில் நீர் எடுப்பது, பிள்ளைக்கு என்ன பெயர் இடுவது என்பவற்றைக்கூட நாம் முடிவு செய்ததில்லை. கல்வி வந்த பிறகே நம் இல்லங்களில் முடிவு செய்யும் உரிமையும் வந்தது. இன்று பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள், மேலே படிப்பதா, பனியன் ஆலைக்குப் போவதா என்று எண்ணுகிறாள். வேலை கிடைத்த மகன், நகரத்தில் குடியேறுவதா, பெற்றோருடன் ஊரில் இருப்பதா என்று எண்ணுகிறான். முதன்முதலாகத் தாமே முடிவு செய்யும் தலைமுறை இது. ஆகவே, யாருடைய குரலைக் கேட்டு முடிவு செய்வது என்னும் கேள்வி, வேறு எவரைக் காட்டிலும் நமக்கே மிகுதியாக உரியது.

'கடவுள் சித்தம்' என்னும் சொல்

இப்பொருளைப் பேசும்போது நம் மக்களிடையே ஒரு தயக்கம் தோன்றுவது இயல்பு. ஏனெனில், 'கடவுள் சித்தம்' என்னும் சொல்லை நம்மை அடக்கி வைப்பதற்கே பலர் பயன்படுத்தியிருக்கின்றனர். 'நீ பிறந்த நிலையில் நீ இரு. அதுவே உனக்கு விதித்தது' என்று ஊரார் சொன்னார்கள். அதையே சில நேரங்களில் திருச்சபைக்குள்ளும் வேறு சொற்களில் கேட்டோம். 'பொறுத்துக்கொள், பரலோகத்தில் பலன் உண்டு' என்று சொல்லி, திருவிருந்தில் நம்மைக் கடைசியில் வரச் செய்தவர்களும் இருந்தனர்.

இது புதிய நோய் அன்று. 1833-ஆம் ஆண்டில் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், தென்னாட்டுச் சபைகளுக்கு ஒரு சுற்றுமடல் எழுதினார். சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முற்றிலுமாகவும் விட்டுவிட வேண்டும் என்பதே அதன் சாரம். அதைக் கேட்டு, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே விலகினர். அவர்கள் வேதம் அறியாதவர்கள் அல்லர். தலைமுறை தலைமுறையாகக் கீர்த்தனை பாடியவர்கள், ஜெபம் செய்தவர்கள். ஆனால், அருகில் அமர்ந்திருக்கும் சகோதரனைப் பற்றி ஆண்டவர் பேசியபோது அவர்கள் செவி அடைத்துப்போயிற்று.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. வேதத்தை வாசிப்பதும் வழிபாட்டில் கலந்துகொள்வதும் மட்டுமே ஒருவரைச் செவிகொடுப்பவர் ஆக்கிவிடுவதில்லை. தமக்கு ஏற்கெனவே பிடித்தமானதையே கடவுளின் வாயில் வைத்துக் கேட்கும் பழக்கம் மனிதர் எவருக்கும் உண்டு. அப்பழக்கத்திலிருந்து விடுபடுவதே செவிகொடுத்தலின் முதற்படி.

ஆகவே, ஒரு குரல் கடவுளுடையதா என்று சோதிக்க ஓர் உரைகல்லை இப்போதே உங்கள் கையில் தருகிறேன். ஒரு மனிதனை மற்றொருவனுக்குக் கீழாக வைக்கச் சொல்லும் குரல், யார் வாயிலிருந்து வந்தாலும், எந்த வசனத்தை மேற்கோளாகக் காட்டினாலும், அது ஆண்டவருடைய குரல் அன்று. நம்மை நாமே தாழ்வாக எண்ணச் செய்யும் உள்மனத்தின் குரலுக்கும் இது பொருந்தும். 'உன்னால் இது ஆகாது; உன் தெருவில் எவரும் செய்யாததை நீ செய்ய முயலாதே' என்று உள்ளே ஒரு குரல் சொல்லுமானால், அது தாழ்மை அன்று. நெடுங்காலம் கேட்ட ஆண்டையின் குரல் உள்ளே தங்கிவிட்டதன் எதிரொலியே அது.

சீலோவில் ஒரு சிறுவன்

திருமறையில் சாமுவேலின் வரலாற்றை ஞாயிறு பள்ளியில் நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். சீலோ ஆலயத்தில் படுத்திருந்த சிறுவனை இரவில் ஒரு குரல் அழைக்கிறது. அவன் முதிய ஆசாரியரான ஏலியிடம் ஓடுகிறான். மும்முறை இவ்வாறு நடக்கிறது. மூன்றாம் முறைதான், அழைப்பவர் ஆண்டவர் என்று ஏலி உணர்கிறார். எவ்வாறு மறுமொழி சொல்ல வேண்டும் என்று சிறுவனுக்குக் கற்பிக்கிறார்.

சாமுவேலின் கீழ்ப்படிதலைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று ஏலியைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன். அவர் கண் மங்கியவர்; தம் பிள்ளைகளைக் கண்டிக்கத் தவறியவர். இருந்தபோதிலும், கேட்பது எவ்வாறு என்பதைச் சிறுவனுக்குக் கற்பித்தவர் அவரே. அன்றிரவு அச்சிறுவன் கேட்ட செய்தி என்ன? ஏலியின் குடும்பத்திற்கு எதிரான தீர்ப்பே அச்செய்தி. சாமுவேல் அதைச் சொல்ல அஞ்சினான். எதையும் மறைக்காமல் சொல்லும்படி ஏலி வற்புறுத்தினார். கேட்டபின், சொன்னவர் ஆண்டவர் என்று ஏற்றுக்கொண்டார்.

பெரியோர்களே, நாம் நம் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம். படித்த பிள்ளை ஒரு நாள் நம்மைப் பார்த்தே கேள்வி கேட்பான். சங்கத்தின் கணக்கை ஏன் உரிய காலத்தில் வைக்கவில்லை என்று கேட்பான். பெண்பிள்ளையின் படிப்பை மட்டும் ஏன் நிறுத்துகிறீர்கள் என்று நம் மகளே கேட்பாள். நமக்குள்ளேயே உட்பிரிவு பார்த்து, நமக்குக் கீழ் வேறொரு தெருவை ஏன் வைத்திருக்கிறோம் என்றும் கேட்பார்கள். அக்கேள்வி இளையவர் வாயிலிருந்து வருவதனாலேயே அதைத் தள்ளிவிடலாகாது. ஆண்டவர் அன்றும் சிறுவன் வழியாகத்தான் முதியவருக்குச் செய்தி அனுப்பினார்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். சாமுவேல் தனக்கு வந்த குரலைத் தானாகவே புரிந்துகொள்ளவில்லை. அனுபவம் உள்ள ஒருவரிடம் மும்முறை சென்றான். 'கடவுள் என்னிடம் நேரே பேசிவிட்டார், இனி எவர் சொல்லும் எனக்குத் தேவையில்லை' என்பவன் வழி தவறுவதற்கு மிகவும் வாய்ப்பு உண்டு.

தோல் பதனிடுபவன் வீட்டு மாடி

அடுத்து, திருத்தூதர் பேதுருவின் அனுபவத்தைக் காண்போம். அவர் யோப்பாப் பட்டணத்தில் கடலோரத்தில் ஒரு வீட்டில் தங்கியிருந்தார். அது சீமோன் என்னும் தோல் பதனிடும் தொழிலாளியின் வீடு. செத்த விலங்கின் தோலைத் தொடும் தொழிலை யூத சமுதாயத்தில் பலர் அருவருப்பாகவே கருதினர். அத்தொழில் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட தொழில். பேதுரு அத்தகைய வீட்டில் உண்டு, உறங்கி, ஜெபம் செய்துகொண்டிருந்தார். நம் மக்களுக்கு இச்செய்தியின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

நண்பகல் வேளையில், பசியோடு மாடியில் ஜெபம் செய்யும்போது அவருக்கு ஒரு காட்சி தோன்றிற்று. தீட்டு என்று தாம் ஒதுக்கிய உயிரினங்கள் ஒரு விரிப்பில் இறங்கின. அவற்றை அடித்து உண்ணும்படி குரல் வந்தது. பேதுரு மறுத்தார். கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டு என்று சொல்லாதே என்னும் கருத்தில் மறுமொழி வந்தது. மும்முறை இவ்வாறு நடந்தது. அதன் பொருள் அப்போது அவருக்கு விளங்கவில்லை. விளங்காமல் அவர் சிந்தித்துக்கொண்டிருக்கும்போதே, கொர்நேலியு என்னும் உரோமப் படைத்தலைவன் அனுப்பிய மூவர் கீழே வந்து வாயிலில் நின்றனர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, வழிநடத்துதல் முழு விளக்கத்தோடு வரவில்லை. பேதுருவுக்குக் கிடைத்தது, வந்தவர்களோடு போ என்னும் ஒரே கட்டளை. படியிறங்கி, வந்தவர்களை உள்ளே அழைத்துத் தங்கவைத்தார். மறுநாள் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள செசரியாவுக்குப் புறப்பட்டார். அவ்வீட்டிற்குள் நுழைந்த பின்னரே காட்சியின் பொருள் அவருக்கு முழுமையாக விளங்கிற்று. நடந்த பின்னரே விளங்கும் உண்மைகள் உண்டு.

இரண்டாவது, அவர் தனியாகச் செல்லவில்லை. ஆறு சகோதரர்களை உடன் அழைத்துச் சென்றார். பின்னர் எருசலேமில் அவரைக் குற்றம் சாட்டியபோது, அந்த அறுவரும் சாட்சியாக இருந்தனர். கடவுள் காட்டிய வழி என்று நாம் நம்புவதைப் பிறர் முன்னிலையில் வைக்க அஞ்சலாகாது.

மூன்றாவது செய்தி வருத்தம் தருவது. இதே பேதுரு, பின்னர் அந்தியோகியாவில் புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சிப் பந்தியிலிருந்து விலகினார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் எதிர்த்துக் கேட்டார். மாடியில் மும்முறை குரல் கேட்டவருக்கே இந்நிலை! ஒருமுறை கேட்டதை வைத்து வாழ்நாள் முழுவதும் காலம் தள்ள முடியாது. நேற்றுப் பெய்த மழை இன்றைய நாற்றுக்குப் போதாது. நாள்தோறும் செவி திறந்திருக்க வேண்டும். நாம் தளரும்போது பவுலைப் போலக் கண்டிக்கும் ஒரு நண்பரும் நமக்கு வேண்டும்.

எழுதுகோலை நிறுத்திய ஒரு தையற்காரர்

திருமறைக் காலத்தோடு இது முடிந்துவிடவில்லை. அமெரிக்காவில் ஜான் உல்மன் என்பவர் 1720 முதல் 1772 வரை வாழ்ந்தார். குவேக்கர் என்னும் நண்பர் சபையைச் சேர்ந்தவர், கடைக்காரர், தையற்காரர். அச்சபையினர் வழிபாட்டில் அமைதியாக அமர்ந்து, கடவுள் உள்ளத்தில் உணர்த்துவதற்குக் காத்திருப்பவர்கள்.

இளைஞராக ஒரு கடையில் வேலை செய்தபோது, அவருடைய முதலாளி ஒரு நீக்ரோ அடிமைப் பெண்ணை விற்றுவிட்டு, விற்பனைச் சீட்டை எழுதச் சொன்னார். வாங்குபவரோ அதே சபையைச் சேர்ந்த முதியவர். உல்மனின் உள்ளத்தில் பெரும் கலக்கம் ஏற்பட்டது. எழுதிக் கொடுத்தார், ஆனால், அடிமை முறை கிறித்தவ நெறிக்கு ஒவ்வாது என்று இருவர் முன்னிலையிலும் சொன்னார். சொன்ன பின்பும் கலக்கம் முற்றிலும் தீரவில்லை. சில காலம் கழித்து வேறொருவர் அதே போன்ற சீட்டை எழுதச் சொன்னபோது, எழுத மறுத்துவிட்டார்.

அக்கலக்கத்தை அவர் அடக்கிவிடவில்லை. கடவுள் தம்மோடு பேசும் முறை அது என்று உணர்ந்து அதன்பின் சென்றார். வணிகம் பெருகி மனத்தை ஈர்த்தபோது கடையைச் சுருக்கி, தையலையும் சிறு பழத்தோட்டத்தையும் வைத்துக்கொண்டார். அடிமைகளின் உழைப்பால் வந்த சர்க்கரையை உண்ணாமல் விட்டார். அடிமைகளை வைத்திருந்த சபையாரின் வீடுகளுக்கு நேரே சென்று, கோபமின்றி, ஆனால் விடாமல் அவர்களோடு பேசினார். 1758-இல் பிலடெல்பியாவில் கூடிய ஆண்டுக் கூட்டம், அடிமைகளை வைத்திருப்போரைச் சந்தித்து அறிவுரை கூறச் சிலரை நியமித்தது. அவர்களில் உல்மனும் ஒருவர். 1776-இல் அதே கூட்டம், அடிமைகளை விடுவிக்க மறுப்பவர் சபையில் உறுப்பினராக இருக்க முடியாது என்று முடிவு செய்தது. அப்போது உல்மன் உயிரோடு இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே இங்கிலாந்தில் அம்மை நோயால் இறந்துவிட்டார்.

ஒரு தனிமனிதரின் உள்ளத்தில் தோன்றிய கலக்கம், ஒரு சபையின் தீர்மானமாவதற்கு 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அது கடவுளின் வழிநடத்துதல் என்று எவ்வாறு சொல்லலாம்? அது அவருக்கு ஊதியம் தரவில்லை, இழப்பையே தந்தது. கட்டப்பட்டவரின் கட்டை அவிழ்த்தது. அதை அவர் சபைக்கு முன் வைத்துப் பொறுமையோடு காத்திருந்தார். இந்த அடையாளங்களைக் கொண்டே நாமும் சோதித்து அறியலாம்.

தித்துவும் வேதமாணிக்கமும்

நம்மைப் போன்ற மக்களிடையே இத்தகையோர் உண்டா என்று கேட்டால், உண்டு என்று பெருமையோடு சொல்வேன்.

பஞ்சாபில் சியால்கோட்டுப் பகுதியில் தித்து என்னும் ஒருவர் இருந்தார். சூரா என்னும் ஒடுக்கப்பட்ட சமுதாயத்தினர்; ஒரு கால் ஊனமுற்றவர்; எழுதப் படிக்க அறியாதவர்; தோல் வாங்கி விற்றுப் பிழைத்தவர். 1873-ஆம் ஆண்டில் சியால்கோட்டுக்கு நடந்து சென்று, சாமுவேல் மார்ட்டின் என்னும் அமெரிக்க மிஷனரியிடம் திருமுழுக்குக் கேட்டார். அக்காலத்தில் திருமுழுக்குப் பெற்றவர்களை மிஷன் வளாகத்திலேயே தங்கவைப்பது வழக்கம். தித்துவோ, தம் ஊருக்கே திரும்பிச் செல்லப்போவதாகச் சொன்னார். மிஷனரி தயங்கினார். எழுத்தறியாத, தனித்த ஒருவரை எதிர்ப்பு நிறைந்த ஊருக்கு எவ்வாறு அனுப்புவது? ஆயினும் தடுப்பதற்குத் திருமறையில் காரணம் காணாமல், இசைந்தார்.

தித்துவின் உறவினர் அவரைத் திட்டினர், ஒதுக்கினர். அவர் தோல் வணிகத்தை விடவில்லை. ஊர் ஊராகச் செல்லும்போதே தாம் அறிந்ததைச் சொன்னார். சில மாதங்களுக்குள் தம் மனைவியையும் மகளையும் அண்டை வீட்டார் இருவரையும் அழைத்துக்கொண்டு மீண்டும் சியால்கோட்டுக்கு நடந்தார். அடுத்த ஆண்டில் மேலும் நால்வர். அவருக்குப் பின் அச்சமுதாயத்தில் பல்லாயிரவர் சபையில் சேர்ந்தனர். மிஷனரிகள் திட்டமிடாத, எதிர்பாராத இயக்கம் அது. வழிநடத்துதல் வளாகத்திற்குள் இருந்த கற்றவருக்கு அன்று, தோல் மூட்டை சுமந்த ஒருவருக்கே வந்தது. பேதுரு தங்கிய வீட்டுக்காரரின் தொழிலும் தோல்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

நம் தமிழ் மண்ணில், நாஞ்சில் நாட்டு மயிலாடியில் மகாராசன் என்பவர் இருந்தார். சாம்பவர் குலத்தினர். மெய்ப்பொருளைத் தேடிச் சிதம்பரத்திற்குப் பயணம் சென்றவர், மன அமைதி காணாமல், தஞ்சாவூரில் உறவினரிடம் தங்கினார். அங்கே நற்செய்தியைக் கேட்டு, கோலாஃப் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்று, வேதமாணிக்கம் ஆனார். ஊருக்குத் திரும்பி, தம் உறவினருக்கு வேதத்தைக் கற்பித்தார். போதகர் ஒருவர் வேண்டும் என்று காத்திருந்தார். காத்திருந்த ஆண்டுகளில் அவர் கைகட்டி இருக்கவில்லை. 1806-இல்தான் ரிங்கல்தௌபே என்னும் இலண்டன் மிஷனரி மயிலாடிக்கு வந்து சேர்ந்தார். 1809-இல் அங்கே ஆலயம் எழுந்தது, பள்ளியும் தொடங்கியது. நாகர்கோவிலில் உள்ள ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, தன் வரலாற்றை அவ்வாண்டிலிருந்தே கணக்கிடுகிறது. 1816-இல் ரிங்கல்தௌபே சென்றபின், 1818-இல் சார்லஸ் மீட் வரும்வரை சபையைத் தாங்கியவர் வேதமாணிக்கமே.

வழி தெரிந்தவுடன் வாகனம் வந்து நிற்கும் என்று எதிர்பார்ப்பவன் சோர்ந்துவிடுவான். காத்திருக்கும் காலத்தில் கையில் உள்ளதைக் கொண்டு செய்ய வேண்டியதைச் செய்வதும் செவிகொடுத்தலின் ஒரு பகுதியே. மேற்படிப்புக்கு இடம் கிடைக்காத ஆண்டில் தெருப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் இளைஞன், வேதமாணிக்கத்தின் வழியில் நடப்பவனே.

அன்றாட வாழ்வில் செய்ய வேண்டியவை

இனி, நாம் நாள்தோறும் செய்யக்கூடிய சிலவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, அமைதிக்கு நேரம் ஒதுக்குங்கள். நம் தெருக்களில் அமைதி அரிது. ஒலிபெருக்கி ஒருபுறம், தொலைக்காட்சி ஒருபுறம், கையில் இருக்கும் கைப்பேசி மற்றொருபுறம். சிறிய வீட்டில் தனியறை ஏது என்று கேட்பீர்கள். பேதுருவுக்கு மாடி இருந்தது. உங்களுக்கு வேலைக்குச் செல்லும் பேருந்து உண்டு. தண்ணீர்க் குழாயில் குடத்தோடு காத்திருக்கும் நேரம் உண்டு. விடியற்காலையில் பத்து நிமிடம் போதும். அந்நேரத்தில் விண்ணப்பங்களை அடுக்குவதோடு நில்லாமல், சிறிது நேரம் பேசாமலும் இருங்கள்.

இரண்டாவது, திருமறையை வரிசையாக வாசியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தையே விடையாக எடுத்துக்கொள்வது குறி கேட்பதைப் போன்றது. ஒரு நூலை முதலிலிருந்து முடிவுவரை பொருள் உணர்ந்து வாசிப்பவருக்கு, கடவுள் எத்தகையவர் என்பது நாளடைவில் விளங்கும். ஒருவருடைய இயல்பை அறிந்தவனே கூட்டத்தில் அவர் குரலை அடையாளம் காண முடியும்.

மூன்றாவது, இரவில் அந்த நாளைத் திரும்பிப் பாருங்கள். லொயோலா இஞ்ஞாசியார் என்னும் துறவி இதை ஒரு பயிற்சியாகவே வகுத்தார். அவர் முதலில் போர்வீரர். 1521-இல் பம்ப்லோனாவில் காலில் குண்டடி பட்டுப் படுக்கையில் கிடந்தபோது, தம் எண்ணங்களைக் கவனித்தார். வீரப் புகழைப் பற்றிய கனவுகள் இன்பம் தந்தன. ஆனால் முடிந்தபின் உள்ளம் வறண்டது. கிறித்துவைப் பின்பற்றுவதைப் பற்றிய எண்ணங்களோ, முடிந்த பின்னும் மகிழ்ச்சியை விட்டுச் சென்றன. இந்த வேறுபாட்டைக் கொண்டே அவர் வழியைக் கண்டுகொண்டார். நாமும் படுக்குமுன் நம்மையே கேட்கலாம். இன்று எந்தச் செயல் உள்ளத்தில் அமைதியை விட்டுச் சென்றது? எது கசப்பை விட்டுச் சென்றது? யாரிடம் கடுமையாகப் பேசினோம்? எங்கே உண்மை பேச அஞ்சினோம்? சில வாரம் இவ்வாறு செய்தால், ஆண்டவர் நம்மை எந்தப் பக்கம் இழுக்கிறார் என்பது தெரியத் தொடங்கும்.

நான்காவது, தெளிவான கடமையைச் செய்யக் கடவுளின் குரலுக்காகக் காத்திராதீர்கள். வாங்கிய கடனைத் திருப்பித் தருவதா, குடித்துவிட்டு மனைவியை அடிப்பதை நிறுத்துவதா, நோயுற்ற அண்டை வீட்டாரைப் பார்ப்பதா என்பவற்றிற்கு ஜெபத்தில் விடை தேட வேண்டியதில்லை. விடை முன்னமே சொல்லப்பட்டுவிட்டது. தெரிந்ததைச் செய்யாதவருக்குத் தெரியாதது வெளிப்படுவது கடினம்.

ஐந்தாவது, பெரிய முடிவுகளைத் தனியே எடுக்காதீர்கள். மகளின் திருமணம், நிலத்தை விற்பது, வெளிநாட்டு வேலைக்கு முகவரிடம் பணம் கட்டுவது ஆகியவற்றில் இரண்டு மூன்று நம்பிக்கையான பேரை அழைத்து உட்காரவையுங்கள். அவர்கள் உத்தரவிட வேண்டாம். கேள்வி கேட்டால் போதும். முடிவைப் பற்றி உங்களுக்குள் அச்சம் பேசுகிறதா, ஆசை பேசுகிறதா, அன்பு பேசுகிறதா என்பதை அக்கேள்விகள் வெளிக்கொண்டுவரும். யாருடைய வாழ்வைப் பற்றிய முடிவோ, அவரும் அங்கே இருக்க வேண்டும். மகளைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்திவிட்டு அவள் திருமணத்தைப் பேசும் கூட்டத்தில் கடவுளின் சித்தம் எவ்வாறு விளங்கும்?

தாய்மார்களே, தந்தையர்களே, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 'கடவுள் வழி காட்டினார்' என்று சொல்லி மகனின் கட்டணத்தைக் கட்டும் நாம், 'கடவுள் சித்தம் இவ்வளவுதான்' என்று சொல்லி மகளின் படிப்பை நிறுத்துகிறோம். ஒரே வீட்டில் ஒரே கடவுள் இரண்டு விதமாகவா பேசுவார்? அங்கே பேசியது கடவுளா, நம் கையிருப்பா, ஊர்ப் பேச்சுக்கு அஞ்சிய நம் அச்சமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

வழி மூடியிருக்கும்போது

இன்னும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. வழி அடைபட்டிருந்தால், அது 'போகாதே' என்று கடவுள் சொல்வதா? பலர் அவ்வாறே எண்ணிவிடுகின்றனர். எல்லா மூடிய கதவும் கடவுள் மூடியது அன்று. சில கதவுகளை மனிதர் மூடியிருக்கின்றனர். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறித்தவர்கள் பட்டியல் சாதியினர் என்னும் உரிமையை இழந்தனர். 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அந்த ஆணை திருத்தப்பட்டது. நமக்கோ இன்றளவும் திருத்தப்படவில்லை. இதைக் கடவுளின் சித்தம் என்று ஏற்றுக்கொள்ளச் சொல்பவர் செவிகொடுத்தவர் அல்லர். ஆண்டவர் உவமையாகச் சொன்ன கைம்பெண், நீதி வழங்காத நடுவனிடம் மீண்டும் மீண்டும் சென்று கேட்டாள். அவளுடைய விடாமுயற்சியையே அவர் ஜெபத்திற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

ஆகவே, கதவு மூடியிருக்கும்போது, யார் மூடியது என்று கேளுங்கள். அதைத் திறப்பதால் யாருக்கு வாழ்வு கிடைக்கும் என்று கேளுங்கள். அநீதியால் மூடப்பட்ட கதவின் முன், தட்டிக்கொண்டே நிற்பதுதான் வழிநடத்துதலாக இருக்கலாம். மாறாக, நம் சொந்தப் புகழுக்காக நாம் தட்டும் கதவு மூடியிருக்குமானால், வேறு பக்கம் திரும்பும்படி ஆண்டவர் சொல்லலாம். இரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்கே அமைதியும் வேதமும் நண்பர்களும் நமக்கு வேண்டும்.

அன்பார்ந்த இளைஞர்களே, இச்சங்கம் உங்களுக்கு எழுத்தையும் எண்ணையும் கற்பித்தது. அவற்றால் நீங்கள் பட்டம் பெறுவீர்கள்; பதவி பெறுவீர்கள். அப்போது ஒரு சோதனை வரும். தெருவை மறந்து செல்ல வேண்டும் என்று ஒரு குரல் இனிமையாகப் பேசும். தித்து வளாகத்தில் தங்கியிருந்தால் அவர் வாழ்வு எளிதாக இருந்திருக்கும். அவர் ஊருக்குத் திரும்பினார். நீங்கள் அனைவரும் ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கிருந்தாலும், அடுத்து வரும் ஒரு பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். விடுமுறையில் வந்து ஒரு மாலை வகுப்பு எடுங்கள். அந்தச் சிறு பணிகளின் நடுவில்தான் அடுத்த வழி தெரியும்.

இச்சங்கம் தன் பொன்விழாவைக் காணும் நாளில், இம்மேடையில் பேசுபவர் இன்று முன்வரிசையில் பாய்மேல் அமர்ந்திருக்கும் சிறுமிகளில் ஒருத்தியாக இருக்கட்டும். அவள் சொல்லும் செய்தி நமக்குக் கடினமாக இருந்தாலும், ஏலியைப் போல அதை ஏற்றுக்கொள்ளும் மனத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக.

சங்கம் வளர்க! கல்வி ஓங்குக!